மரத்தடி கிளப்புக்கு விலக்கு கோரும் மனு

மாண்புமிகு அரசுக்கு, பரமக்குடி வைகைக் கரைக் கருவேல மரத்தடியில் சீட்டாடிப் பிடிபட்டோர் சமர்ப்பிக்கும் மனு.

ஐயா, எங்களில் தறிக்காரர் உண்டு, மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குபவர் உண்டு. பாவு வராத நாளில், லோடு இல்லாத நாளில் ரம்மி போட்டோம். போலீஸ் வந்தது. சில்லறை, சீட்டுக்கட்டு, விரித்திருந்த துண்டு எல்லாம் போயிற்று. மறுநாள் பேப்பரில் ‘சூதாட்டக் கும்பல் கைது’.

ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. 1930-ஆம் வருஷச் சூதாட்டச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு திறமைக்கு விலக்கும் தருகிறது. அந்தத் திறமைக்கு கிளப் ஏசியும் சந்தாவும் நல்ல வக்கீலும் வேண்டும் என்பது எந்த வரியில் இருக்கிறது? எங்களுக்கு வாய்த்தது முள்ளு மரம்.

குதிரைக்குக் கிடைத்த மரியாதையாவது கொடுங்கள். 1974-ல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டீர்கள். 1996-ல் அதுவும் திறமைதான் என்று தீர்ப்பு வந்தது. ரேஸ் கிளப்புக்குக் கிண்டியில் 160 ஏக்கர், 1945-ல் தொடங்கிய 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். பாக்கி 730 கோடி என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023-ல். குத்தகையை ரத்து செய்ய 2024 ஆயிற்று. எங்கள் துண்டைச் சுருட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுப் பலர் தூக்கில் தொங்கினார்கள். தடை மசோதா 2022 அக்டோபரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் கையெழுத்து. பிணங்களுக்கு அவசரம், கோப்புக்கு இல்லை. அந்த நவம்பரிலேயே நீதிமன்றம் ரம்மியை விடுவித்தது, திறமையாம். 2025-ல் டெல்லி தடுக்கும்வரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் தோற்றால் அன்றைய கூலி போகும், அவ்வளவுதான். பொண்டாட்டி திட்டுவாள்.

அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்காக 1988-ல் ஒரு சட்டம் வந்தது. சின்னப் பரிசுக்கு ஆடும் ஆட்டங்களையும், சடங்கிலும் கொண்டாட்டத்திலும் ஆடும் பழைய ஆட்டங்களையும் அந்தந்தக் குடியே பார்த்துக்கொள்ளட்டும், அரசு தலையிடாது என்கிறது அது. எங்களுக்கும் சித்திரைத் திருவிழா உண்டு. பெருமாள் அழகர் கோலத்தில் இதே வைகையில்தான் இறங்குகிறார். பரிசு பெரும்பாலும் டீயும் வடையும். ஜெயித்தவன் தோற்றவனுக்கு வாங்கித் தருவதால் இதைத் தர்ம காரியத்திலும் சேர்க்கலாம்.

தர்மம் உங்களுக்குப் புதிதல்ல. 1968-ல் அரசே லாட்டரி நடத்தி, விழாத சீட்டின் காசு நாட்டுக்கு என்றது. 2003-ல் ஒழித்தீர்கள், நல்லது. அப்புறம் லாட்டரி மார்ட்டினின் கம்பெனி 1,368 கோடிக்குத் தேர்தல் பத்திரம் வாங்கியது. தி.மு.க.வுக்கு 509 கோடி. மற்ற கட்சிகளுக்கும் பங்கு. தமிழ்நாட்டில் சீட்டு விற்றால் ஜெயில், சீட்டு விற்ற காசு மட்டும் உள்ளே வரலாம்.

எங்களால் முடிந்தது தலைக்கு 20 ரூபாய். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திரத்தை நிறுத்திவிட்டது. இப்போது எந்தக் கவுண்டரில் கட்ட வேண்டும் என்று தெரிவித்தால் வரிசையில் வந்து நிற்கிறோம்.