‘இந்தா’ என்னும் சொல்லும் அதன் பொருள் எல்லையும்: இரண்டு மாதக் குருளை ஒன்றை முன்வைத்து

முதற்கண் ஒரு பெயர்ச் சிக்கல். நாயின் இளமைப் பெயர் ‘குருளை’ என்கிறது தொல்காப்பிய மரபியல். ஊரார் ‘குட்டி’ என்கிறார்கள். சற்றுத் தள்ளி அதே மரபியல், ‘குட்டி’, ‘பறழ்’ என்றாலும் தடையில்லை என்று விட்டுவிடுகிறது. தொல்காப்பியரே விட்டுக்கொடுத்த இடத்தில் விட்டுக்கொடுக்காதவரைத்தான் நாம் பேராசிரியர் என்கிறோம். இதை நான் புரட்டிச் சரிபார்ப்பதற்குள் ஆய்வுப்பொருள் கூடத்துக் கோரைப்பாயை நனைத்துவிட்டது.

ஆய்வு எல்லை: கூடம் முதல் கொல்லை வரை. மாடி சேராது, ஆய்வுப்பொருளுக்கு இன்னும் படியேற வரவில்லை.

இனம்: சிப்பிப்பாறை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காதும் வாலும் உடன்படவில்லை.

கடித்தல்: பால்பற்கள் 28. செருப்பு இரண்டு ஜோடி. மேற்கொண்டு விவரிக்க மனமில்லை.

நீர் கழித்தல்: தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே போனால், போன கையோடு கொஞ்சி ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷம் கழித்துப் பாயைக் காட்டித் திட்டினால் எதற்கென்றே அதற்கு விளங்காது. இதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆகவே ஆய்வுலகுக்கு இதில் அக்கறையும் இல்லை.

இனி தலையாய பொருளுக்கு வருவோம். நாய்க்கு மணியடித்தவர் என்று பாவ்லோவைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ செரிமான ஆய்வுக்காக. நாங்கள் ஒரு படி மேலே போய் நாய்க்கே மணி என்று பேர் வைத்தோம். பூஜையறையில் மணியடித்தால் மணி வரவில்லை. ‘மணி’ என்று கூப்பிட்டாலும் வரவில்லை. ஒருவருக்கொருவர் ஆங்கிலம் பேசாத எங்கள் வீட்டில் அதனிடம் மட்டும் ‘கம்’, ‘சிட்’ என்று பேசிப் பார்த்தோம். எங்கள் உச்சரிப்பைக் கேட்டுத் தலையைச் சாய்த்தது, அவ்வளவுதான்.

‘இந்தா’ என்றால் வந்தது.

இச்சொல்லின் ஆற்றலை முதலில் கண்டறிந்தவர் அம்மா (காண்க: அம்மா, அடுக்களை வாசல், தோசைத் துண்டுடன்). சொல்லுக்கு ஆற்றலே கிடையாது, பிஸ்கட் டின் மூடியின் சத்தத்துக்குத்தான் அது வருகிறது என்பது எதிர்த்தரப்பு (காண்க: அப்பா, சாய்வு நாற்காலி, நாளிதழுக்குப் பின்னாலிருந்து, திருத்திய பதிப்பு, அம்மா முறைத்த பின்). இரண்டும் பிழை, அதற்குப் பசி என்பது மூன்றாம் தரப்பு (காண்க: எதிர்வீட்டு அக்கா, மதில்மேல் ஆற்றிய உரை, கோலமாவுக் கிண்ணம் ஏந்தியபடி, இரண்டாம் பொழிவு, முதல் பொழிவு குக்கர் விசிலால் இடையில் நின்றது, இரண்டுக்கும் அவருடைய மாமியார் ஜன்னல் வழியே வழங்கிய மறுப்புரையையும் சேர்த்துக் காண்க).

சிக்கல் என்னவென்றால், ‘இந்தா’வுக்கு ‘வாங்கிக்கொள்’ என்பது மட்டும் பொருளன்று. பால்காரர் வாசலில் குரல் கொடுத்தால் அம்மா “இந்தா வாரேன்” என்பாள். மணி பாய்ந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்து கையையே பார்க்கும். பால்காரரிடம் அவள் “இந்தா பாருங்க, நேத்து பாலு ஒரே தண்ணி” என்று தொடங்கினால் இன்னும் நெருங்கி உட்காரும். இரண்டாம் பொருளை அது இன்றுவரை ஏற்கவில்லை.

ஐயம் தீர, கையில் எதுவும் இல்லாமல் மூன்று முறை ‘இந்தா’ என்றேன். மூன்று முறையும் வந்தது. கையை மோந்தது, விரலிடுக்கை நக்கியது, பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. நான்காம் முறை முன்னங்காலில் மோவாயை வைத்தபடி கண்ணை மட்டும் உயர்த்தியது. அடுத்த நொடி அடுக்களையிலிருந்து அம்மா அதையே சொன்னாள். வாசல்படியில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடியது. சொல்லும் அதே, கேட்பதும் அதே, ஆள் மட்டும் வேறு. இதை விளக்க இருக்கிற எட்டு வேற்றுமை போதாது. ஒன்பதாவதாக ‘ஏமாற்று வேற்றுமை’ ஒன்றை முன்மொழிகிறேன், உருபு, வெறுங்கை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து “இந்தாங்க” என்று மனைவியின் குரல். ‘ங்க’ மரியாதை விகுதி. ஆய்வாளனுக்கு மட்டுமே உரியது, ஆய்வுப்பொருளுக்குப் பொருந்தாது. எழுந்து போனேன். எனக்கு முன்பே மணி போய் உட்கார்ந்திருந்தது. காப்பி எனக்குத்தான். பக்கத்தில் இருந்த முறுக்கு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.