காரிய ஜாபிதா சாஸ்திரம்

செய்து முடிக்கப்பட்ட காரியங்களைப் பற்றி உலகில் சரித்திர நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. செய்ய வேண்டுமென்று குறித்து வைக்கப்பட்டு, வகை பிரிக்கப்பட்டு, நிறம் இடப்பட்டு, நாள் குறிக்கப்பட்டு, பின்னர் நாள் மாற்றப்பட்டு, இன்னும் அப்படியே கிடக்கிற காரியங்களைப் பற்றியோ, அவை எண்ணிக்கையில் முன்னவற்றைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்தவை என்பது வெளிப்படையாயிருந்தும், முறையான சாஸ்திரம் தமிழில் இதுகாறும் எழவில்லை. இக்குறையை ஓரளவேனும் போக்கும் நோக்கத்துடன், கைப்பேசிச் செயலிகளில் அன்றாட அலுவல்களைத் திட்டவாரியாகப் பகுத்து வைக்கும் வழக்கத்தின் தோற்றம், வளர்ச்சி, பயன், பயனின்மை ஆகியவற்றை இவ்வியாசம் ஆராயப் புகுகின்றது. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதும் தாயாரைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் அற்ப விஷயங்கள் அல்லவா என்று ஆக்ஷேபிப்பவர்கள், இரண்டில் ஒன்றை ஒருமுறை மறந்து பார்ப்பார்களாயின், விஷயத்தின் கனத்தை வேறு யாரும் விளக்க வேண்டியிராது.

மைசூரை ஆராய்ச்சிக் களமாகக் கொண்டதற்கு, ஆசிரியன் அங்கே வசிக்கிறான் என்பது தவிர, கௌரவமான காரணம் ஒன்றும் உண்டு. 1891இல் தொடங்கிய மைசூர் அரசாங்கக் கீழ்த்திசை நூலகத்துக்கு, தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் பனையோலைச் சுவடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிற நூல்களின் மேற்கோள்களால் மட்டுமே அறியப்பட்டு, மற்றபடி அழிந்துபோயிற்றென்று அறிஞர் கைவிட்டிருந்த கௌடில்யரின் அர்த்த சாஸ்திரமே அது என்பதை நூலகர் சாமசாஸ்திரியார் 1905இல் இனங்கண்டு, 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். உலகம் இதனை ராஜநீதி நூலென்று கொண்டாடுகிறது, அது தவறில்லை. ஆயினும் நமது துறையிலிருந்து நோக்குவார்க்கு, இன்பாக்ஸில் வந்து விழுந்த ஒரு பொருள் உரிய திட்டத்தின் கீழ்ப் போய்ச் சேர்ந்ததற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிட்டாது. அப்படிச் சேர்ந்த பொருளே ஒரு மாபெரும் காரிய ஜாபிதாவாக இருந்துவிட்டது தெய்வ சங்கற்பம் என்றே சொல்ல வேண்டும்.

ஜாபிதா என்பது மிகையல்ல. தமது நூலில் 15 அதிகரணங்களும் 150 அத்தியாயங்களும் 180 பிரகரணங்களும் அடங்கியுள்ளன என்று கௌடில்யர் முதல் அத்தியாயத்திலேயே வரிசை கூறிக் கணக்கும் ஒப்புவித்துவிடுகிறார். அத்தியாயத்தைக் காட்டிலும் பிரகரணம் முப்பது மிகுந்திருப்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒரே அறைக்குள் இரண்டு மூன்று விஷயங்கள் நெருக்கிக்கொண்டு குடியிருக்கின்றன என்பதும், ஒன்றை எங்கே வைப்பது என்ற சங்கடம் அம்மகானுக்கும் நேர்ந்திருக்கிறது என்பதும் இதனால் பெறப்படும். இன்று ‘வங்கிக்குப் போதல்’ என்பதை ‘வீடு’ என்னும் திட்டத்தில் வைப்பதா, ‘பணம்’ என்னும் திட்டத்தில் வைப்பதா என்று பேருந்தில் நின்றபடி தயங்கும் வாலிபன், தான் எத்தகைய பரம்பரையின் வாரிசு என்பதை அறியான்.

இன்னும் ஆச்சரியம், வருவாய்த் தலைவனான சமாகர்த்தாவின் கடமைகளைக் கூறுமிடத்தில் இருக்கிறது. அங்கே கௌடில்யர் செய்ய வேண்டியது, செய்து முடிந்தது, எஞ்சியிருப்பது என்ற பொருளில் கரணீயம், சித்தம், சேஷம் எனக் காரியங்களை மூன்றாகப் பிரிக்கிறார். இன்றைய செயலிகள் பலகையில் மூன்று பத்திகள் வரைந்து தம் புது சிருஷ்டியாகக் காட்டுவது இதைத்தான். அரசாங்க வேலை வருஷத்துக்கு 354 நாள் என்றும், ஆஷாட மாதத்தில் கணக்கோடு வந்து நிற்க வேண்டுமென்றும், வராதவனுக்குத் தண்டம் உண்டென்றும் அவர் விதித்திருக்கிறார். இக்காலச் செயலியோ, கெடு தாண்டிய காரியத்தின் தேதியைச் சிவப்பு எழுத்தில் காட்டுவதோடு தன் கோபத்தை முடித்துக்கொள்கிறது. சிவப்பு எழுத்துக்கு அஞ்சி எவனும் வரி கட்டியதில்லை.

சாஸ்திரம் இப்படியிருக்க, லோக வழக்கில் தமிழரிடையே இக்கலை இரு கிளைகளாக வளர்ந்திருக்கிறது. ஒன்று, கல்யாணச் சாமான் ஜாபிதா. பிள்ளையார் சுழியிட்டு, மஞ்சள், குங்குமம் என்று தொடங்கி, நிச்சயதார்த்தம், முகூர்த்தம், மடைப்பள்ளி, சம்பந்தி உபசாரம் எனப் பிரிவு பிரிவாக நீளும் அந்தக் காகிதத்தில், மஞ்சள் முதலில் வருவது மங்களத்துக்காக என்பார்கள். எளிதில் வாங்கக்கூடிய பொருளை முதலில் வைத்தால், முதல் டிக் விரைவில் விழுந்து, எழுதினவருக்கு உற்சாகம் பிறக்கும் என்னும் மனோதத்துவ நுட்பமும் அதில் உண்டென்பது என் அபிப்பிராயம். மற்றது, முந்தானை முடிச்சு. ஒரே காரியத்துக்கு ஒரே முடிச்சு; காரியம் முடியும் வரை அது உறுத்திக்கொண்டிருக்கும்; முடிந்தால் அவிழும்; உள்திட்டம், நிறம், நட்சத்திரக் குறி ஒன்றும் இல்லை. எந்த முடிச்சு எதற்கென்பதை மறந்துவிடுவதாகிய ஒரு தோஷம் இதற்கு உண்டு என்பதை நடுநிலை பிறழாமல் குறிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

நவீன காலத்து ஆசாரியர் அமெரிக்கரான டேவிட் ஆலன். 2001இல் அவர் வெளியிட்ட நூல், ஒன்றுக்கு மேற்பட்ட படிகளால் அடைய வேண்டிய எந்தப் பயனும் ஒரு ‘புராஜெக்ட்’ ஆகும் என்று இலக்கணம் வகுத்தது. அந்த இலக்கணத்தைக் கொண்டு எண்ணினால் சாதாரண மனிதனுக்கு முப்பது முதல் நூறு திட்டங்கள் வரை தேறும் என்கிறார். ஒரு சாம்ராஜ்யத்தையே 180 பிரகரணங்களில் கௌடில்யர் அடக்கியிருக்க, மாதச் சம்பளக்காரன் நூறு வரை போவது தன்னடக்கத்துக்குப் பேர்போன செயலல்ல. 2007இல் தோன்றிய டூடூயிஸ்ட் முதலிய செயலிகள் இந்த இலக்கணத்தை விரல்நுனிக்குக் கொண்டுவந்தன. திட்டத்துக்குள் உள்திட்டம், அதனுள் பகுதி, அதனுள் காரியம், காரியத்துள் உபகாரியம் என்று, வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போக அவை இடம் தருகின்றன.

இதன் நடைமுறைப் பயனைச் சோதிக்கக் குவெம்புநகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பஸ்தர் ஒருவரின் சமையலறைக் குழாயை எடுத்துக்கொள்வோம். அது சொட்டுகிறது. கணினித் துறையில் உயர்ந்த உத்தியோகத்திலிருக்கும் அவர், முதல் நாள் தம் செயலியின் இன்பாக்ஸில் ‘குழாய்’ என்று பதிந்தார். மறுநாள் மறுபரிசீலனையில், ‘குழாய்’ என்பது பெயர்ச்சொல்லே யன்றிச் செயலாகாது என்று தெளிந்து, ‘குழாய்ப் பழுது நீக்கம்’ என்று திருத்தி, ஆலன் இலக்கணப்படி அதைத் திட்டமாக உயர்த்தினார். வாஷரின் அளவை அறிதல், பிளம்பரின் எண்ணைத் தேடுதல், அவர் வரும் நேரத்தை நிச்சயித்தல், மாடித் தொட்டியின் வால்வை அடைத்தல் என்பன அதன் உபகாரியங்கள். தொட்டி என்றதும், அதைக் கழுவி வெகுநாளாயிற்று என்பது நினைவுக்கு வர, ‘நீர்’ என்னும் தாய்த்திட்டம் ஒன்று உதித்தது. அதற்கு நீல நிறம் அளிக்கப்பட்டது. ஞாயிறு மாலை அவர் அதன் அழகைக் கண்டு நெடுநேரம் லயித்திருந்தார். இதற்கிடையில் அவருடைய மனைவியார் குழாயடியில் ஒரு பாத்திரத்தை வைத்து, சேர்ந்த நீரை மல்லிகைச் செடிக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். “அந்தப் பிளம்பருக்கு ஒரு போன் பண்ணிடுங்களேன்” என்று அவ்வம்மையார் சொன்னபோது, அதையும் அவர் முதல்தரக் குறியிட்டுப் பதிவு செய்தார். இரண்டு நிமிஷத்துக்குள் முடியும் காரியத்தை எழுதிவைக்காமல் உடனே செய்துவிட வேண்டுமென்பது ஆலனின் விதிகளுள் ஒன்று. அவருடைய சீடர்கள் மிக உயர்வாகப் போற்றுவதும், மிகக் குறைவாகக் கைக்கொள்வதும் அதுவே. மல்லிகை இவ்வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

இங்கே பூர்வபக்ஷம் குறுக்கிடும். காஞ்சியில் வாழ்ந்தவரென்று கருதப்படுபவரும், அலங்கார நூலால் தமிழரும் நன்கறிந்தவருமான தண்டி, தமது தசகுமார சரிதத்தில் விஹாரபத்திரன் என்னும் அரசவைக் கேளிக்கைக்காரன் வாயிலாக இத்தகைய கால அட்டவணைகளைப் பரிகசித்திருக்கிறார். கௌடில்யரின் விதிப்படி பகலையும் இரவையும் நாழிகையாலோ நிழலின் அளவாலோ எட்டெட்டுப் பகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்யும் அரசனுக்குச் சுகமென்று ஏதேனும் உண்டா என்று அவன் கேட்கிறான். உண்ட சோறு செரிக்கும் வரை விஷமோ என்ற பயம். வாத்திய கோஷத்தோடு பள்ளியறை புகுந்தாலோ, இரவின் நான்காம் ஐந்தாம் பகுதிகளில் மட்டுமே உறக்கம், அதாவது நம் கடிகாரத்தில் மூன்று மணி நேரம். கவலையில் கிடப்பவனுக்கு அதுவும் வருமா? பரிகாசம் அருமையானது. அதைச் செவிமடுத்த விதர்ப்ப மன்னன் அனந்தவர்மன் அட்டவணையைத் துறந்து ராஜ்யத்தையும் இழந்தான் என்று கதை முடிவதால், தண்டியை முழுமனதாக நம் எதிர்க்கட்சியில் சேர்ப்பதற்கில்லை.

மேலும், அட்டவணையை இப்படி இறுக்கிக் கட்டிய கௌடில்யரே, அரசன் தன் சக்திக்கேற்ப நாளைப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். அவசரக் காரியத்தை மட்டும் தள்ளிப்போடாமல் உடனே கேட்க வேண்டும் என்கிறார். தள்ளிப்போனது கடினமாகும், அல்லது கைகூடாமலே போகும் என்பது அவர் கூறும் காரணம். குழாய் சொட்டுவது எவ்வகையில் சேரும் என்பது அவரவர் வீட்டுத் தரையின் வழுவழுப்பைப் பொறுத்தது.

சித்தாந்தத்துக்கு வருவோம். 1927இல் ப்ளூமா ஸைகார்னிக் என்னும் மனோதத்துவ அறிஞர், முடிந்த வேலையைவிட இடையில் நின்ற வேலையே நினைவில் அதிகம் தங்குகிறது என்று தம் பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். 2011இல் மாஸிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இருவர் இன்னும் ஒரு படி சென்று, வேலையைச் செய்ய வேண்டியதுகூட இல்லை, எப்போது எப்படிச் செய்வதென்று திட்டம் வகுத்துவிட்டாலே மனத்தின் அரிப்பு அடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். திட்டப்பகுப்பின் மகிமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அது காரியத்தை முடிப்பதற்கான கருவி என்று எண்ணுவோர் அதை வையத்தான் நேரிடும்; காரியம் முடிந்தால் கிடைக்கும் நிம்மதியை, காரியம் முடியாமலே பெற்றுத் தரும் உபாயம் என்று உணர்ந்தவர்களுக்கோ, அது ஒரு நாளும் ஏமாற்றம் அளிப்பதில்லை. குவெம்புநகர் நண்பர் அன்றிரவு நன்றாக உறங்கினார். விழித்திருந்தவர்கள் அவருடைய மனைவியார். சொட்டும் சத்தம் அந்தப் பக்கத்துக்குத்தான் கேட்கும்.

டூடூயிஸ்டில் முடித்த காரியங்களுக்குக் ‘கர்மா’ என்ற பெயரில் மதிப்பெண் தருகிறார்கள். நான்கு நாளும் அதற்கு மேலும் கெடு தாண்டினால் குறைப்பார்கள். ஐம்பதாயிரம் சேர்ந்தால் ஞானி என்ற பட்டம். கர்மா தொலைந்தால்தான் ஞானம் என்று நம் பெரியோர்கள் கட்டிக்காத்த சம்பிரதாயத்துக்கு இது நேர் விரோதமாயினும், வேதாந்திகள் இன்னும் வழக்குத் தொடராததால் மேலே செல்கிறேன்.

திட்டம் என்ற பெயருக்கு முற்றும் தகுதியான ஒன்றைக் காண விரும்புவோர் தசராவுக்கு முன்னதாகவே இவ்வூருக்கு வர வேண்டும். சுமார் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியை விஜயதசமியன்று சுமக்க வேண்டிய யானை, காட்டு முகாமிலிருந்து வாரக்கணக்கில் முன்பே வந்து, மணல் மூட்டைகளைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை நடந்து பழகுகிறது. உபகாரியங்கள் என்றால் இவை. ஆனால் இங்கே விஜயதசமியை அடுத்த வாரத்துக்கு நகர்த்தும் பொத்தான் பாகனிடமும் இல்லை, மந்திரியிடமும் இல்லை. அந்த ஒரு வசதிக் குறைவினாலேயே ஊர்வலம் புறப்படுகிறது. அதே பன்னிமண்டபப் பகுதியில்தான், 1937இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் நிறுவப்பட்ட வர்ணத் தொழிற்சாலை, 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதற்கொண்டு வாக்காளரின் இடது ஆள்காட்டி விரலுக்கு மை காய்ச்சித் தருகிறது. வெள்ளி நைட்ரேட் கலந்த அம்மை, தோலில் பட்டு வெயில் கண்டால் நாள்கணக்கில் போகாது. வட்டத்துக்குள் டிக் இட்டுவிட்டு, மறுநிமிஷமே மனம் மாறி டிக்கை நீக்கிவிடும் செயலி உபயோகிப்போர், முடித்தது முடித்ததே என்று சாட்சி சொல்லும் ஒரு குறியை வாழ்நாளில் ஒருமுறையாவது கண்டிருப்பது இந்த மையினால்தான்.

கடைசியாக, பண்டிதர்களிடையே விவாதத்துக்கு இடமாகும் ஒரு நுட்பம் எஞ்சியிருக்கிறது. இரவின் எட்டாம் பகுதியில் அரசன் ஆசாரியர், புரோகிதர் முதலியோரின் ஆசி பெற்று, வைத்தியனையும், மடைப்பள்ளித் தலைவனையும், ஜோதிடனையும் காண வேண்டும் என்று கௌடில்யர் விதிக்கிறார். இவர்களுள் மடைப்பள்ளித் தலைவனை எந்தத் திட்டத்தின் கீழ்ச் சேர்ப்பது? வைத்தியனை அடுத்து நிற்பதால் ‘ஆரோக்கியம்’ என்பர் ஒரு சாரார். விஷபயம் கருதி ‘பாதுகாப்பு’ என்பர் மற்றொரு சாரார். குவெம்புநகர் நண்பரோ இரண்டிலும் சேர்த்து ஒரு லேபிள் ஒட்டிவிடலாம் என்று மொழிந்தார். என் தீர்ப்பு வேறு. எதைத் தின்னலாம் என்று வைத்தியன் சொல்ல, எது இருக்கிறது என்று மடைப்பள்ளித் தலைவன் சொல்ல, தின்றால் என்ன ஆகும் என்பதை ஜோதிடன் சொல்லுகிறான். மூன்றும் ஒரே பயனை நாடிய மூன்று படிகளாதலின், ஆலன் இலக்கணப்படி அது தனித்திட்டமே ஆகும். அதற்குக் ‘காலை டிபன்’ என்று பெயரிட்டு, மஞ்சள் நிறம் கொடுத்து, நாள்தோறும் திரும்ப வரும்படி அமைத்துக்கொள்ளலாம்.