குடியிருந்துகொண்டே தளம் உயர்த்தல்: கள்ளிக்குப்பத்துக் களஆய்வு

வீட்டைக் காலி செய்யாமல் வீட்டில் வேலை வைப்பது பற்றி நம் முன்னோர் எழுதிவைத்தது மிகக் குறைவு. கோல் நட்டு நிழல் பார்த்து, கயிறு பிடித்துத் திசை குறித்து அரண்மனை எழுப்பியதை நெடுநல்வாடையில் நக்கீரர் சொல்கிறார். வேலை முடியும்வரை அரசி எங்கே படுத்தாள், அடுப்பு எங்கே எரிந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னொரு அரண்மனை இருந்திருக்கும். எங்களுக்கு இருந்தது பத்து மாத அட்வான்ஸ் கேட்ட ஒரு வாடகை வீடு. ஆகவே இந்த ஆய்வு.

ஆய்வுக் களம், அம்பத்தூர்–செங்குன்றம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் 1990களில் கட்டிய வீடு. கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே போனோம். தார் மேல் தார் விழ விழ, படிகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் போயின. கடைசியில் நாங்கள் ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போனோம். மழைத்தண்ணீரும் அந்த வழியைக் கற்றுக்கொண்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். எங்கள் படிகள் அதற்கு முன்பே காலமாகியிருந்தன.

இந்த நோய் உலகப் பொதுவானது. சிகாகோவில் சாக்கடைக்காகத் தெருக்களை உயர்த்தியபோது கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. 1860இல் லேக் தெருவில் ஒரு கட்டட வரிசையை 6,000 ஜாக்கி வைத்து, 600 பேர் ஒன்றாகத் திருகி, ஐந்தே நாளில் 4 அடி 8 அங்குலம் தூக்கினார்கள். கடைகளில் வியாபாரம் நிற்கவில்லை. மறு வருடம் ட்ரெமாண்ட் ஹவுஸ் என்ற ஓட்டலைத் தூக்கினார்கள். தங்கியிருந்தவர்கள் தங்கியபடியே இருந்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலும் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது பெருகியது. நாங்களும் விலை கேட்டோம். கேட்டபின், வீடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தரையை மட்டும் இரண்டடி உயர்த்துவோம் என்று குடும்பம் ஒருமனதாக முடிவெடுத்தது.

தொடங்கியது ஆவணி 6, வாஸ்து நாள். இங்கே காலக் கணக்கு பற்றி ஒரு விளக்கம் தேவை. பஞ்சாங்கப்படி வாஸ்து புருஷன் வருடத்துக்கு எட்டு நாள்தான் விழிப்பார். அதுவும் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம்: பல் தேய்க்க 18, குளிக்க 18, பூஜைக்கு 18, சாப்பாட்டுக்கு 18, தாம்பூலத்துக்கு 18. மனை வேலைக்கு உகந்தது கடைசி 36 நிமிடம். வயிறு நிறைந்தவரிடம்தான் மனு கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் வகுத்த கணக்கு. மேஸ்திரி சொன்ன கணக்கு நாற்பது நாள். அதைவிட இது நம்பகமானது என்பதால் இந்த ஆய்வு முழுதும் வாஸ்து புருஷனின் விழிப்பையே அளவுகோலாகக் கொள்கிறது.

சாமான்களை ஒதுக்கிவிட்டால் குடும்பம் தயார் என்பது எங்கள் கருதுகோள். முறை பல்லாங்குழியைப் போன்றது: ஓர் அறையை அள்ளி மற்ற அறைகளில் போடுவது, காலியான அறையில் மண் கொட்டி உயர்த்துவது, பிறகு அடுத்ததை அள்ளுவது. முதல் வாரத்திலேயே கருதுகோள் உடைந்தது. சாமான்கள் எங்கே வைத்தாலும் சும்மா இருந்தன. அப்பாவின் ஈஸிசேரை ஜன்னலிலிருந்து நாலடி நகர்த்தியதும் அவர் இரண்டு நாள் பேசவில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் எழுதாத பட்டா ஒன்று இருந்திருக்கிறது. மண்வெட்டி பட்டதும்தான் எல்லாம் வெளியே வந்தன.

அடுப்பு ஹாலுக்கு வந்ததும் அதிகாரமும் கூடவே வந்தது. ஹாலில் வேலை செய்த ஒரே பிளக் பாயின்ட்டைப் பிடித்தவரே அந்த வேளைக்குக் குடும்பத் தலைவர். காலையில் அம்மாவின் மிக்ஸி, இரவில் மகனின் போன். பகல் முழுதும் டைல்ஸ்காரரின் கட்டர் மெஷின். கட்டர் ஆட்சியில் ரவை டப்பாவுக்குள் வெள்ளைத் தூசி இறங்கியது. அன்றைய உப்புமாவை யாரும் குறை சொல்லவில்லை; வீட்டில் உள்ள எல்லாமே அன்று அதே ருசியில்தான் இருந்தன.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக: 3,300 மில்லியன் கனஅடி கொள்ளும் புழல் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. சம்ப்பில் இருந்ததைப் புதுத்தளம் குடித்தது போக மிச்சத்தில் நாங்கள் குளித்தோம்.

ஐப்பசி 11இல் வாஸ்து புருஷன் மறுபடி விழித்தபோது பாதி வீடு மேட்டிலும் பாதி பள்ளத்திலும் இருந்தது. "வீட்டுக்குள்ளயே திருப்பதி மலை ஏற வச்சிட்டியேடா" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா சமையலறைக்கு ஏறினார். தரை உயர்ந்ததில் சுவிட்ச் போர்டுகள் இடுப்புக்குக் கீழே போயின; பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து எல்லா விளக்கையும் போட்டுப் போட்டு அணைத்தது. மின்விசிறிக் கம்பியை வெட்டிக் குட்டையாக்கினோம். நிலைகளை உடைத்து ஏற்றும்வரை ஹாலுக்குள் வருகிற ஆண்கள் எல்லாரும் தலை குனிந்தே வந்தார்கள். எதிரே ஈஸிசேரில் உட்கார்ந்திருந்த அப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். இடம் மாறியதால் வந்த கோபம் அன்றோடு தீர்ந்தது. நிலையை ஏற்றுவதில் அவசரம் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் தனியாகச் சொன்னதாகவும் தெரிகிறது. இது செவிவழிச் சான்று.

கார்த்திகை 8. மூன்றாம் விழிப்பு. வெளியே நல்ல மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. முதல் முறையாக உள்ளே வரவில்லை. குடும்பமே வாசலில் நின்று அதைப் பார்த்தது. டைல்ஸ் முடிந்து, நிலை ஏறி, அடுப்பு தன் இடத்துக்குப் போய், மிச்சம் இருந்தது வாஷ்பேசின் மட்டும். அது இரண்டு மாதமாக மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

"நாளைக்கு மாட்டிடலாம்மா" என்றார் மேஸ்திரி.

அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "இந்தத் தடவையும் அவரு வந்துட்டுப் போயிட்டாருப்பா. அடுத்தது தை 12. எழுந்ததும் மொதல்ல பல்லுதான் தேய்ப்பாராம். அதுக்குள்ளயாவது அந்த பேசினை மாட்டிடு."