ஸ்க்ரூவதிகாரம்: மெலமைன் அலமாரி இயல்

மரவேலையில் ஸ்க்ரூவுக்கு வழங்கும் விதிகள் யாவும் தேக்கையும் வேங்கையையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. கடைக்காரர் 'ப்ரீலேம்' என்று விற்கும் எட்டுக்கு நாலடி மெலமைன் பலகைக்கு அவை பொருந்தா. இதறியாது செய்யப்பட்ட அலமாரிகள் பல, மொட்டை மாடிகளில் மழை குடித்து உப்பிக்கொண்டிருக்கின்றன. அக்குறை நீக்கவே இவ்வதிகாரம் எழுந்தது என்க.

ஆய்வெல்லை: 18 மி.மீ. பலகையில் செய்த புத்தக அலமாரி மட்டும். மாடுலர் கிச்சன் தனிக் கடல். கருதுகோள்: அலமாரி நிற்பதும் சரிவதும் ஸ்க்ரூவின் கடைசி அரைச்சுற்றில் தீர்மானமாகிறது.

முதற்கண் பலகையின் இயல்பு. மெலமைன், ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1834-இல் உண்டாக்கிய சேர்மம். அதிலிருந்து வரும் பிசினில் அச்சடித்த தாளை ஊறவைத்து, சூட்டோடு பலகைமேல் அழுத்துகிறார்கள். ஆக, நம் வீட்டு அலமாரியில் தேக்கு போலத் தெரிவது தேக்கின் படம். படத்துக்கு அடியில் இருப்பது துகள்பலகை, பொரி உருண்டைக்கு நிகரான ஒன்று: வெளியே கெட்டி, கடித்தால் பொரி தன் வழி, பாகு தன் வழி. போதாக்குறைக்கு, இரு முகப்பிலும் நைசான தூளும் நடுவில் கரடான சில்லும் வைத்து அழுத்துவதால் நடுப்பகுதி இன்னும் சோனி. தட்டைப் பக்கப்பலகையோடு சேர்க்கும் ஸ்க்ரூவோ, தட்டின் விளிம்பு வழியாக நேரே அந்த நடுப்பகுதியில்தான் போய் இறங்கியாக வேண்டும். பலகை எங்கே சோனியோ அங்கேதான் கலைக்களஞ்சியத்தின் பாரம். இதில் ஆசாரி மேல் குற்றமில்லை.

இனி ஸ்க்ரூவைப் பற்றிய கட்சிகள். கருங்கட்சியார், ஜிப்சம் சீலிங்குக்கென்று பிறந்த கறுப்பு ஸ்க்ரூவையே எதற்கும் எடுப்பர். விலை மலிவு, முனை கூர்மை, எந்தப் பையில் கைவிட்டாலும் நாலு அகப்படும். ஆனால் அது கடினமாக்கிய எஃகு, வளையாது, ஒடியும். ஒடிந்தால் தலை கையோடு வரும், உடல் பலகைக்குள் சமாதி கொள்ளும். பழங்கட்சியார் மேலே தடித்துக் கீழே மெலியும் மர ஸ்க்ரூவை விடமாட்டார்கள். அது ஆப்புப் போல இறங்கி விளிம்பைப் பிளக்கும். மஞ்சட்கட்சியாரின் சிப்போர்டு ஸ்க்ரூவுக்குத் தண்டு ஒல்லி, மரை ஆழம், மரைக்கு மரை இடைவெளி அதிகம். ஆதலால் சில்லை நசுக்காமல் அள்ளிப் பிடிக்கும். நான் இக்கட்சி. எட்டாம் நம்பர், ரெண்டு இன்ச் என்று கேட்டு வாங்குக. பக்கப்பலகையில் 18 மி.மீ. கழிந்தால் தட்டின் விளிம்புக்குள் ஏறத்தாழ 32 மி.மீ. இறங்கும்.

இவை அனைத்துக்கும் மூத்தது சுத்தியல் மார்க்கம். ஸ்க்ரூவை முக்கால் பாகம் அடித்து இறக்கிவிட்டு, சாஸ்திரத்துக்கு ரெண்டு சுற்று திருப்புளியால் திருகுவது. ஆணியும் ஸ்க்ரூவும் இரண்டல்ல, ஒன்றே என்னும் அத்வைதம் இது. தேக்கில் இத்தத்துவம் சில ஆண்டு தாங்கும். துகள்பலகையில் புத்தகம் அடுக்கும் அன்றே மாயை விலகும்.

'ஸ்க்ரூ கூராகத்தானே இருக்கிறது, துளை எதற்கு?' எனின், கூறுதும். துளையின்றிப் போனால் ஸ்க்ரூ தனக்கான இடத்தைச் சில்லுகளை ஒதுக்கித்தான் எடுக்கும், 18 மி.மீ. விளிம்பில் ஒதுங்க இடமில்லாமல் அவை பக்கவாட்டில் புடைக்கும். ஆகவே விளிம்பில் 3 மி.மீ. துளை. பக்கப்பலகையிலோ ஸ்க்ரூ தாராளமாகப் புகுந்து போகும்படி நாலரை மி.மீ. துளை. இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். விட்டால் மரை இரு பலகையையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். எவ்வளவு திருகினாலும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடுக்கு இருக்கும், கரப்பான் குஞ்சுக்குப் போதுமான அளவு. தலை உட்காரக் குழி எடுப்பதும் கடன்; எடுக்காவிடில் மெலமைன் தோல் ஓடு போலச் சிதறி, துளையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பல்வரிசை தெரியும்.

ஸ்டார் தலை பற்றி ஒரு புறனடை. அமெரிக்கரான ஹென்றி ஃபிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற கூட்டல்குறித் தலை, விசை மிகுந்தால் பிட்டை வெளியே தள்ளும். கூட்டல்குறிக்கு இடையே மெல்லிய கீறல்கள் நான்கு தெரிந்தால் அது போசிடிரைவ். அதற்கு அதன் பிட்டே வேண்டும். ஃபிலிப்ஸ் பிட்டைப் போட்டால் வழுக்கி, தேக்குப் படத்தின் மேல் கோடு கிழிக்கும்.

கடைசி அரைச்சுற்றுக்கு வருவோம். டிரில்லின் குரல் கனத்து இறங்குகிறது. தலை குழியில் உட்கார்ந்து தோலோடு சமமாகிறது. இங்கே விட்டுவிட வேண்டும். ஆனால் மனித மனம் 'இன்னும் கொஞ்சம்' என்கிறது. இன்னும் கொஞ்சத்தில் மரை தான் வெட்டிய தடத்தைத் தானே அரைத்துத் தூளாக்கும். எதிர்ப்பு சட்டென்று அற்றுப்போய் ஸ்க்ரூ சும்மா சுற்றும். டிரில் கழுத்திலுள்ள எண் வளையத்தைச் சிறிய எண்ணில் வைத்தால், உள்ளிருக்கும் கிளட்ச் தானாக நழுவி நம்மை நம்மிடமிருந்து காக்கும். சிலர் அந்த வளையத்தைக் கடைசியிலிருக்கும் டிரில் படத்திலேயே நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வதிகாரத்தால் பயனில்லை.

கழற்றி மாட்டுகையில் ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகவே மெல்லச் சுற்றுக. பழைய தடத்தில் 'டக்' என்று விழும். பிறகே வலப்பக்கம் திருகலாம்.

சும்மா சுற்றும் ஓட்டைக்குப் பிராயச்சித்தம் தீக்குச்சி. ஃபெவிகாலில் தோய்த்து, கொள்ளும் மட்டும் செருகி, முனைகளை வெட்டிவிட்டு, ஓர் இரவு காயவிட்டுத் திருகுவர். மருந்து முனையைக் கிள்ள வேண்டுமா என்பதில் இரு கட்சி உண்டு. மெழுகுத் தீக்குச்சியில் பசை பிடிக்காது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.