ஆகாயக் கப்பலுக்குத் தண்ணி லாரி: கவரைப்பேட்டைவாசிகளுக்குச் சில ஸ்டீம்பங்க் யோசனைகள்

ஸ்டீம்பங்க் என்றால் என்ன என்று டீக்கடையில் யாருக்கும் விளக்கப் போகாதீர்கள். “விக்டோரியா மகாராணி காலத்துல நடக்கிற கதைங்க. ஆனா நீராவியில ஓடுற கம்ப்யூட்டர் இருக்கும், பித்தளையில செஞ்ச ரோபோ இருக்கும், எல்லாரும் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஆகாயக் கப்பல்ல போவாங்க” என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள், எதிரில் இருப்பவர் கிளாஸை வைத்துவிட்டு, “உடம்பப் பாத்துக்க தம்பி” என்று சத்தியவேடு பஸ்ஸில் ஏறிவிடுவார். அதற்குப் பதிலாக, “இரும்புக்கை மாயாவி மாதிரிண்ணே, ஆனா சிரிப்பா இருக்கும்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆள் ஐம்பதைத் தொட்டவராக இருந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார். டீக்குக் காசையும் அவரே கொடுத்துவிட வாய்ப்புண்டு.

காரணம் இருக்கிறது. இந்த வகைக் கதைகளுக்குப் பெயர் கிடைத்ததே 1987ல்தான். அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர், தானும் தன் சகாக்களும் எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதிக் கிண்டலாக வைத்த பெயர் அது. அதற்கு 15 வருஷம் முன்பே, 1972ல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை ஊர் ஊராக அனுப்பிவிட்டது. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கை போய், அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். 1962ல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வாரப் பத்திரிகையில் பிறந்த இந்த மனிதர் அங்கே மறக்கப்பட்டு, இங்கே தாத்தா ஆகி, பேரன் எடுத்தும் இன்னும் மறுபதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறார். 1984ல் வந்த லயன் காமிக்ஸ் அவருக்குத் துணையாக ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனையும் இறக்கியது. பானையைக் கவிழ்த்த மாதிரித் தலை, வாயைத் திறந்தால் சவடால். காலத்தைத் தாண்டிப் போக அதனிடம் இருந்த வாகனம் சதுரங்க யானைக்காய் வடிவில் ஒரு கோட்டை. பித்தளையும் ஆணியும் வெட்டிப் பெருமையும் கலந்த இதற்கு மேல் என்ன ஸ்டீம்பங்க் வேண்டும்?

இந்த இடத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் கட்டாயம் குறுக்கே வருவார். மாயாவி கரண்டில் மறைகிறவர், இதில் ஸ்டீம் எங்கே இருக்கிறது என்பார். அவரோடு வாதம் செய்யாதீர்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏற்றி, எண்ணூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அங்கே நடப்பது என்ன? நிலக்கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். அதிலிருந்துதான் கரண்டு. நம் வீட்டு மிக்ஸி, அவர் கையிலிருக்கும் செல்போன், மாயாவி தொடும் ஒயர் எல்லாமே நீராவியின் தயவுதான். மாயாவி தமிழ்நாட்டில் வேலை பார்த்திருந்தால் 2012 மின்வெட்டுக் காலத்தில் பாதி நாள் மறைய முடியாமல் மாட்டியிருப்பார் என்பது வேறு விஷயம்.

ரயில் என்றதும் இன்னொன்று. படிக்கச் சிறந்த இடம் அந்த லோக்கல்தான். நீங்கள் வண்டி ஏறுகிற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் இருக்கும் இடத்தில்தான் பழைய மூர் மார்க்கெட் இருந்தது. 1985ல் தீப்பிடித்து எரியும்வரை சென்னையில் பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு அதுதான் காசி, ராமேஸ்வரம். கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளத்துக்கு ஒதுங்கினார்கள். ஆக, கவரைப்பேட்டைக்காரர் பிளாட்பாரத்தில் புத்தகத்தோடு நிற்பது ஒரு வகையில் முன்னோர் கடன். ஆனால் மாலை நேரத்து வண்டியில் நின்றுகொண்டு படிப்பதற்குத் தனிப் பயிற்சி தேவை. ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகத்தில், பக்கத்தை மூக்கால் திருப்ப வேண்டும். மீஞ்சூர் வந்தால் கூட்டம் கொஞ்சம் இறங்கும். பொன்னேரியில் சீட்டு கிடைக்கும். கிடைத்த மறு நிமிஷம் கவரைப்பேட்டை வந்துவிடும். அதனால் சண்டைக் காட்சியைப் பொன்னேரிக்கு முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வில்லன் கழுத்தில் கத்தி இருக்கும்போது நீங்கள் கும்மிடிப்பூண்டியில் நிற்பீர்கள்.

எதில் ஆரம்பிப்பது? ஜூல் வெர்ன் எழுதி 1880ல் வந்த ‘நீராவி வீடு’ கதையில் என்பேன். நம் நாட்டில் நடக்கிற கதை. பூட்டான் ராஜா ஒருவருக்காகப் பாங்க்ஸ் என்ற இன்ஜினீயர் இரும்பில் ஒரு யானை செய்கிறார். உள்ளே பாய்லர், தும்பிக்கை வழியாகப் புகை. ராஜா போய்ச் சேர்ந்துவிட, யானை பாங்க்ஸ் கோஷ்டியின் கைக்கு வருகிறது. இரண்டு சக்கர பங்களாக்களைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து இமயமலை நோக்கிக் கிளம்புகிறது. இதை நம் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். கோயில் யானையும், கேரவனும், பெல்லாரி போகிற டிரெய்லர் லாரியும் சேர்ந்தது என்றால் முடிந்தது. வெர்ன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்பதை மட்டும் கடைசியில் சொல்லுங்கள். ‘கடலுக்கடியில் இருபதாயிரம் காதம்’ கதையில் அவருடைய கேப்டன் நெமோ மன்னார் வளைகுடாவுக்குக்கூட வந்து, முத்துக் குளிப்பவர் ஒருவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, கையில் ஒரு பை முத்தும் கொடுத்து அனுப்புகிறார். அந்த நெமோ ஓர் இந்திய இளவரசர் என்பது பிறகு வந்த நாவலில்தான் தெரியும். பிரான்சில் உட்கார்ந்துகொண்டு நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடலுக்கு ஒரு நீர்மூழ்கியை ஓட்டியவரை நாம் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம்.

வெர்னுக்கு அடுத்து, செல்போனில் படிப்பவர்களுக்கு ‘கேர்ள் ஜீனியஸ்’. ஃபில், கயா ஃபோலியோ தம்பதி வாரம் மூன்று பக்கம் என்று போட்டுக்கொண்டே இருக்கும் காமிக்ஸ். பைத்தியக்கார விஞ்ஞானிகள் ஐரோப்பாவைப் பங்கு போட்டு ஆள்கிறார்கள். சித்திரக் கதைக்கான ஹ்யூகோ விருதை 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று வருஷம் வாங்கிவிட்டு, அடுத்த வருஷம் எங்களை விட்டுவிடுங்கள் என்று தாங்களே ஒதுங்கினார்கள். நம் விருது விழாக்களில் இந்தச் செய்தியைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். படம் பார்க்கத்தான் பிடிக்கும் என்பவருக்குச் சிம்புதேவன் இருக்கிறார். ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் வெள்ளைக்காரன் காலத்துப் பாளையத்துக்குள் குளிர்பானக் கம்பெனி வருவதும், ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ படத்தில் தமிழ் பேசும் கௌபாய்கள் வருவதும் இதே குடும்பத்துச் சிரிப்புதான். காலத்தைக் குழப்பி அடித்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது, என்ன செய்ய.

படித்தாகிவிட்டது. இனிப் பகிர வேண்டும். இங்கேதான் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது: இங்கே வாசகருக்கு மெஷின் தெரியும்.

எனக்குத் தெரிந்த பாய்லர் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். நைட் ஷிப்ட்காரர். அவருக்கு ஓர் ஆகாயக் கப்பல் நாவலைக் கொடுத்தால் மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகம் சரியாக இருக்காது.

“கேஜ் கிளாஸ்ல தண்ணி பாதிக்குக் கீழ இறங்குனாலே எனக்கு வயித்தக் கலக்கும். இந்த ஹீரோ முந்நூறு பக்கமா பாய்லர் பக்கமே திரும்பல. அந்தப் பொண்ணுகிட்டப் பேசிக்கினே இருக்கான்.”

“கதைதானேண்ணே.”

“கதைதான். ஒரு கிலோ கரி எரிச்சா ஆறு ஏழு கிலோ தண்ணி ஆவியாப் போவும். லண்டன்லேர்ந்து எகிப்து வரைக்கும் போறான். தண்ணி எங்க ஏத்துனான்? மேல நிறுத்திட்டு ஆரணி ஆத்துல குழாய் விட்டானா?”

“ஆத்துல தண்ணி இல்லியேண்ணே.”

“அப்பத் தண்ணி லாரி சொல்லியிருக்கணும். டோக்கன் போட்டு, வரிசையில நின்னு, அதுக்கே ஒரு அத்தியாயம் ஆவும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கண்டென்சர் போட்டா ஆவியத் திரும்பப் புடிக்கலாம். ஆனா அதோட வெயிட்டுக்குக் கப்பல் தரையிலதான் நிக்கும்.”

இப்படிப்பட்ட ஆளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். இவர்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முதல்தர வாசகர். லண்டன் விமர்சகர் கண்ணில் படாதது இவர் கண்ணில் படும். சமாதானப்படுத்த ஓர் உண்மைக் கதை கைவசம் வைத்திருங்கள். 1852 செப்டம்பர் 24 அன்று ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் நிஜமாகவே நீராவி எஞ்சின் கட்டிய ஆகாயக் கப்பலில் பாரிஸிலிருந்து கிளம்பி 27 கிலோமீட்டர் பறந்தார். எஞ்சினின் சக்தி 3 குதிரை. இன்றைக்கு நம் ஊர் வயல் மோட்டாரே அதைவிடப் பெரிது. தலைக்கு மேலே எரிகிற வாயு நிறைந்த பெரிய மூட்டை, காலுக்குக் கீழே எரிகிற அடுப்பு. தீப்பொறி மேலே போனால் கதை முடிந்தது என்று, புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். காற்றை எதிர்த்துத் திரும்பிவர மட்டும் எஞ்சினுக்குத் தெம்பில்லை. இதைக் கேட்டதும் பாய்லர் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. “சிம்னியக் கீழ வெச்சானா…” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அந்த ஆளுக்கு லைசென்ஸ் கொடுத்த இன்ஸ்பெக்டர் யார் என்று பிறகு கேட்டார்.

வெர்னின் யானைக் கதையை அவருக்குக் கொடுக்கும்போது முடிவைச் சொல்லிவிடாதீர்கள். கடைசியில் சேஃப்டி வால்வை இறுக்கிவிட்டு ஓடுகிற இடம் வரும். அந்தப் பக்கத்தில் அவர் எழுந்து நின்றுவிடுவார். அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் இரவல் கொடுத்ததற்கு வட்டி.

இங்கிலீஷ் வாசிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருப்பவருக்குப் புத்தகத்தை நீட்டாமல் கதையாகச் சொல்லுங்கள். சொல்லும்போது லண்டனைக் கவரைப்பேட்டைக்கு இழுத்துவிடலாம், தப்பில்லை. ஜிஎன்டி ரோட்டோரம் லேத் பட்டறை வைத்திருப்பவர்தான் விஞ்ஞானி. பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மூன்று சக்கர வண்டியில் முடுக்கி மீன்பாடி வண்டி என்று ஓட்டுகிற வடசென்னைக்காரர்தான் கப்பல் கேப்டன். சரித்திர ஆதாரம் கேட்டால் அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. பம்பாய்–தாணா பயணிகள் ரயில் 1853ல் ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு முன்பே, 1837ல், நம் மாவட்டத்துச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுகிற கல்லைச் சுமக்கத் தண்டவாளம் போட்டு, அதில் வில்லியம் ஏவரி செய்த சுழல் நீராவி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். இதில் ஒரு நாவலுக்குச் சரக்கு இருக்கிறது. யாராவது எழுதினால் எனக்கு ஒரு பிரதி, இலவசமாக.

இரவல் கொடுப்பதற்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. கல்யாணம் நிச்சயமானவருக்குக் கொடுக்காதீர்கள், சீர்வரிசையோடு போய்விடும். இன்ஜினீயரிங் கடைசி வருஷப் பையனுக்கு மார்ச்சுக்குப் பிறகு கொடுத்தால் புத்தகத்துக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துவிடும். முதல் பக்கத்தில் பெயர் எழுதுவதோடு நிற்காமல், 37ஆம் பக்கத்திலும் சின்னதாக எழுதி வையுங்கள். முதல் பக்கம் கிழிவதற்கென்றே படைக்கப்பட்டது. காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே ‘பாய்லர் பராமரிப்புக் கையேடு’ என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு தந்திரம் உண்டு. சிப்காட்டில் அது செல்லாது. இங்கேதான் கேட்பார்கள். ஸ்கேன் செய்து குரூப்பில் போட்டுவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், சிவகாசியில் சந்தாவை நம்பி அச்சடிக்கிறவர்களை நினைத்து, அவர் வீட்டு ஃபேனை ஒருநாள் முழுக்க நிறுத்தி வையுங்கள்.

கொடுத்தது வரவில்லையா? போன் செய்யாதீர்கள். இரண்டாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் ஒன்றும் தெரியாதவர் போல நடந்துபோங்கள். முதல் பாகம் தானாக வெளியே வரும். “அது சூளூர்ப்பேட்டைல மச்சான்கிட்ட இருக்குதுங்க” என்று அவர் சொன்னால் மட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். புத்தகம் எல்லை தாண்டிவிட்டது. என்றைக்காவது தடா ஸ்டேஷனில் இறங்க நேர்ந்தால், இரும்பு யானை ஒன்று தும்பிக்கையில் புகை விடுவதாக யாராவது தெலுங்கில் கதை சொல்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.