65-க்கு ஒரு அபராதம்

அமெரிக்காவில் ஒருவருக்கு 65 வயது ஆகப்போகிறது என்றால் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். வழவழ காகிதத்தில், டென்னிஸ் ஆடும் தாத்தா பாட்டி படத்தோடு வரும் விளம்பரங்களால் தபால்பெட்டி பிதுங்கும். அரசுக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம். சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் ஏற்கெனவே வாங்குகிறவருக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டை தானாக வரும். பென்ஷனைத் தள்ளிப்போட்ட ஓர் அப்பாவோ, பிறந்த மாதத்தோடு முன்னும் பின்னும் மும்மூன்று சேர்த்து 7 மாதத்துக்குள் தானே போய்ப் பதிய வேண்டும்.

விட்டால்? தவறிய ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும், மெடிகேரில் டாக்டர் செலவைப் பார்க்கும் பார்ட் பி-யின் சந்தா 10 சதவீதம் கூடும், அவர் சந்தா கட்டுகிற காலம் வரைக்கும். கந்துவட்டிக்காரர்கூட அசல் வந்தால் ஆளை விட்டுவிடுவார்.

"வேலையை விட்டப்புறம் கோப்ரா இன்சூரன்ஸ் கட்டினேனேம்மா" என்பார் அப்பா. வேலையில் இருக்கும்போது உள்ள கம்பெனிக் காப்பீடுதான் கணக்கு; வேலையை விட்டபின் அதையே சொந்தக் காசில் தொடரும் கோப்ரா செல்லாது. மகள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போன் போட்டால், "அவரையே பேசச் சொல்லுங்கள்" என்பார்கள். காது மந்தமான அப்பா, பிறந்த தேதி கேட்டால் வீட்டு நம்பரைச் சொல்வார்.

விலக்குக்கும் வழி உண்டு. அரசு ஊழியர் தப்பான தகவல் தந்ததால்தான் தாமதம் என்று காட்டினால் அபராதம் தள்ளுபடியாகலாம். யாருமே எதுவும் சொல்லவில்லை என்றால் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே, 64-இல் இருக்கும் அப்பாக்களே, ஓர் அதிகாரியைத் தேடிப்பிடித்து, தப்பாக ஏதாவது சொல்லவைத்து, அதைத் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.