கட்டையே கதாநாயகன்

நியூயார்க்கில் போய் டி.வி. ஸ்டேஷன் ஆரம்பிப்பது, திருப்பதியில் சொந்தமாக லட்டுக் கடை போடுகிற மாதிரி. பெரிய நெட்வொர்க்குகள் தலைமை ஆபீஸ் வைத்திருக்கிற ஊர் அது. அங்கேதான் 1948 ஜூன் 15 அன்று ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்காரர்கள் சேனல் 11-ஐத் திறந்தார்கள். பக்கம் பக்கமாகப் படம் போட்டே பேப்பர் விற்றவர்கள். அந்தப் பெருமையில் ஸ்டேஷனுக்கு டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். என்று பேர் வைத்தார்கள். சுருக்கமாக ‘பிக்ஸ்’, அதாவது படங்கள். பேரில் படம் இருந்தது, காட்டத்தான் படம் இல்லை!

பின்னே? என்.பி.சி., சி.பி.எஸ். மாதிரி மேலேயிருந்து நிகழ்ச்சி அனுப்ப பிக்ஸுக்கு நெட்வொர்க் கிடையாது. ஒரு நாளைக்குத் தேவையான அத்தனையையும் தானே தேடிப் பிடிக்க வேண்டும். 1951-லிருந்து யாங்கீஸ் பேஸ்பால் கை கொடுத்தது. மேட்ச் இல்லாத நாளில்? இருக்கவே இருக்கிறது, போட்டதையே திரும்பப் போடும் மகத்தான கலை. ‘தி ஹனிமூனர்ஸ்’ என்ற காமெடித் தொடரின் 39 எபிசோடுகளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ராத்திரிகளை ஓட்டினார்கள். ஜோக் வருவதற்கு முன்பே ஊர் சிரிக்கப் பழகிவிட்டது.

ஆள் பற்றாக்குறைக்கும் வழி வைத்திருந்தார்கள். ஜோ போல்டன் என்று ஒருவர் அங்கே வானிலை வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஒரு போலீஸ் யூனிஃபாரத்தை மாட்டி, கையில் லத்தியைக் கொடுத்து, ‘ஆபீசர் ஜோ’ என்று குழந்தைகள் முன்னால் நிறுத்திவிட்டார்கள். ‘த்ரீ ஸ்டூஜஸ்’ அடிதடிக் காமெடிப் படங்களைப் போட்டுக் காட்டி, “இதையெல்லாம் வீட்டில் செய்யாதீங்க கண்ணுங்களா” என்கிற தினுசில் புத்தி சொல்வதுதான் டியூட்டி. மழை வருமா என்று சொன்னபோது நம்பாத ஊர், போலீஸ் என்றதும் நம்பிவிட்டது.

செய்திப் பிரிவுக்கும் இந்த வேஷம் போடும் ஆசை தொற்றிக்கொண்டதோ என்னவோ! 1968-ல் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்தன. பிக்ஸ் செய்தியில் பிராகிலிருந்து நேரடிக் குரல் கேட்டது. அடேங்கப்பா, லோக்கல் ஸ்டேஷனுக்கு ஐரோப்பாவில் நிருபரா? பிறகு எழுந்த புகாரைக் கேளுங்கள்: அந்தக் குரல் அமெரிக்காவிலேயே ஒரு காசு போடும் போனிலிருந்து வந்ததாம். ஸ்டாக்கில் கிடந்த படத்துக்கு ‘சாட்டிலைட் வழியாக’ என்று லேபிளும் ஒட்டினார்களாம். ‘இவங்க லட்சணம் தெரிஞ்சுபோச்சு, லைசென்ஸை எங்களுக்குக் கொடுங்க’ என்று ஒரு போட்டிக் கம்பெனி 1969-ல் கிளம்பியது. எழுபதுகளின் கடைசி வரை வழக்கு இழுத்தது. கடைசியில் லைசென்ஸ் பிக்ஸிடமே தங்கியது, வக்கீல்கள் வீட்டில்தான் தினமும் கிறிஸ்துமஸ்.

கிறிஸ்துமஸ் என்றதும் முக்கியமான ஆளைச் சொல்ல மறக்கக் கூடாது. ஃபிரெட் த்ரோயர், ஸ்டேஷனின் தலைவர். 1966-ல் அவருக்கு ஒரு யோசனை. அடுக்குமாடியில் குடியிருக்கும் நியூயார்க்வாசிக்குக் குளிர்காய அடுப்பு ஏது? டி.வி.யையே அடுப்பாக்கிவிடலாமே! கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி சுமார் 3 மணி நேரம், விளம்பரம் இல்லாமல், ஒரு கட்டை எரிவதை மட்டும் காட்டுவது, பின்னணியில் பாட்டு. அன்றைக்குப் போட வேண்டிய ரோலர் டெர்பி ஸ்கேட்டிங் போட்டியையும், அதோடு வந்த 4,000 டாலர் விளம்பரத்தையும் ரத்து செய்தார். தலைவரே இப்படிப் பேசினால் சேல்ஸ் ஆட்கள் யாரிடம் போய் அழுவார்கள்?

படம் எடுக்க மேயரின் அரசு மாளிகையான கிரேஸி மேன்ஷனுக்கே போனார்கள். நெருப்பு ‘க்ளியரா’ தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த தடுப்புக் கம்பியைக் கழற்றினார்கள். கழற்றினால் நெருப்பு சும்மா இருக்குமா? ஒரு பொறி பறந்து பழங்காலக் கம்பளம் ஒன்றைப் பதம் பார்த்தது. மதிப்பு 4,000 டாலர். விளம்பர நஷ்டமும் அதே தொகைதான், கணக்கெழுதியவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் கிடைத்த படம் எவ்வளவு நேரம் ஓடும் தெரியுமா? 17 விநாடி! அதையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார்கள். ரீல்ஸ் கண்டுபிடித்தவர்கள் த்ரோயர் போட்டோவுக்கு மாலை போட வேண்டும். ஊர் உருகிப்போனது, வருஷா வருஷம் கேட்டது. ஓட்டி ஓட்டி ஃபிலிம் தேய்ந்தது. ‘இன்னொரு தடவை எடுத்துக்கறோமே’ என்று மாளிகையைக் கேட்டார்கள். கம்பளத்தைப் பறிகொடுத்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? மாட்டோம் என்றார்கள்.

ஆகவே 1970-ல் அதே ஜாடையில் ஓர் அடுப்பைத் தேடி, கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ வரை போனார்கள். மாதம் ஆகஸ்ட். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கிறிஸ்துமஸ் நெருப்பு கொளுந்துவிட்டு எரிந்தது. நியூயார்க்காரர் தன் ஊர்க் குளிருக்கு இதமாகக் காய்ந்ததெல்லாம் இந்தக் கலிஃபோர்னியா நெருப்பில்தான். பிராக் விஷயத்தில் குதித்தவர்கள் இதற்கு மூச்சுவிடவில்லை.

1989 வரை எரிந்தது. மறுவருஷம் புது நிர்வாகம் வந்து கணக்குப் பார்த்தது. விளம்பரம் இல்லாமல் இத்தனை மணி நேரமா? அணைத்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. ஆமாம், கட்டைக்கு ரசிகர்கள்! பதினோரு வருஷம் விடாமல் புலம்பினார்கள்.

2001-ல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த பிக்ஸின் ஆன்டெனாவும் போயிற்று. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஊர் ஏதாவது ஆறுதல் கிடைக்காதா என்றிருந்தது. கட்டையைக் கூப்பிடலாம் என்று முடிவெடுத்து ஃபிலிமைத் தேடினால், சரியான லேபிளோடு எதுவும் இல்லை. கடைசியில் அகப்பட்டது, ‘ஹனிமூனர்ஸ்’ எபிசோடின் பேர் ஒட்டிய டப்பாவுக்குள்.

தூசி தட்டி ஓட்டினார்கள். நியூயார்க் வட்டாரத்தில் அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான். எதிர்த்தரப்பில் நெட்வொர்க் ஜாம்பவான்கள் அன்றைக்கு என்ன போட்டார்கள் என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.